ஒரு கரடு, ஆறு டப்பா: லெட்டர்பாக்ஸிங் நம்ம பக்கம் எடுபடுமா?

“லெட்டர்பாக்ஸிங் என்று ஒன்று இருக்கிறதாமே. காட்டுப்பாதையில் டப்பாவை ஒளித்துவைத்து, குறிப்பு கொடுத்துத் தேடச் சொல்வார்களாம். ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங்கும் இதுவும் ஒன்றுதானே? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? நம் ஊரில் வைத்த டப்பா மறுநாள் இருக்குமா என்பதே என் சந்தேகம்.”
(இந்த இணைய இழையில் ஓசூர் வாசகர் கேட்டது, 6 ஜனவரி 2024)

7 ஜனவரி 2024

ஒன்றில்லை. ஜியோகேஷிங் 2000 மே மாதம் பிறந்த பிள்ளை. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. இரண்டொரு நாளில் ஒரேகான் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றைக் காட்டில் வைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட்டார். லெட்டர்பாக்ஸிங் அதற்குக் கொள்ளுத்தாத்தா. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்ற சதுப்பு இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து போய்ச் சேருகிறவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வரலாம். பிறகு, தன் முகவரியைத் தானே எழுதிய அஞ்சலட்டையை அதில் விட்டுவிட்டு வருவதும், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. பெயர் வந்தது அப்படித்தான். ரப்பர் முத்திரை அதற்கும் பிற்பாடு வந்தது.

இன்றைய முறை எளிது. டப்பாவுக்குள் ஒரு முத்திரை, ஒரு நோட்டு. தேடுகிறவர் கையிலும் ஒரு முத்திரை, ஒரு நோட்டு, ஸ்டாம்ப் பேட். டப்பா முத்திரையை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும், உங்கள் முத்திரையை டப்பா நோட்டில் குத்த வேண்டும். எடுத்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். புதையல் வேட்டை மாதிரிதான், ஆனால் பரிசு கிடையாது, போட்டி கிடையாது.

எனக்கு அரூரில் ஜெராக்ஸ் கடை. ரப்பர் ஸ்டாம்பும் செய்து கொடுக்கிறேன். இதைப் படித்ததிலிருந்து கை அரிக்கிறது. பொங்கல் லீவில் அக்கா பிள்ளைகள் வருகிறார்கள், வைத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

9 ஜனவரி

எங்கே வைக்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒகேனக்கல், அஞ்செட்டி, சித்தேரி என்று மனம் முதலில் ஓடியது உண்மைதான். ஆனால் காப்புக்காடு என்ற பலகைக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ஆம் வருடத்தியது, இன்றும் செல்லும். அஞ்செட்டிப் பக்கம் 2014-இலேயே காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் ஆகிவிட்டது. டப்பா தேடப் போன பிள்ளைகள் யானைக்கு முன்னால் போய் நின்றால் குறிப்பு எழுதியவன் கதி என்ன?

அதனால் எங்கள் கொட்டாய்க்கு (வயல்காட்டுக் குடியிருப்புக்கு) பின்னால் இருக்கும் கரடு, அதாவது பாறைக் குன்று. அடிவாரத்தில் மரவள்ளிக் காடு, அப்புறம் ஒரு ஓடை. அங்கிருந்து உசிலையும் வெப்பாலையும் காரையும் மண்டிய ஏற்றம், மேலே மொட்டைப் பாறை. ஒன்றரை கிலோமீட்டர் ஒற்றையடிப்பாதை. ஆடு போட்ட பாதை என்பதால் நேராகப் போகாது. பாதி எங்கள் பட்டா, மீதி பங்காளிகளுடையது. கேட்டுவிட்டேன். “டப்பாவுல என்ன வெப்ப?” என்று மட்டும் கேட்டார்கள்.

11 ஜனவரி

சும்மா ஆறு டப்பா வைத்தால் சுவை இல்லை, டப்பாக்களைக் கோக்க ஒரு சரடு வேண்டும். மாம்பழ வகைகள் என்று கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் சொன்னார் (அவர் வேறு என்ன சொல்வார்). எங்கள் பக்கத்துக்கு நடுகல்தான். அரூரிலிருந்து செங்கம் வரை எந்த ஏரிக்கரையில் நின்றாலும் வாளோடோ வில்லோடோ ஒருவன் கல்லில் நிற்கிறான். ஊர்க்காரர்களுக்கு அவன் வேடியப்பன். தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயரே இருக்கும்.

கல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் காண்பது, வேலையைத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. ஆறு டப்பாவுக்கு ஆறு பெயர் யாரோ எடுத்துவைத்த மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும்போது காதைகளின் பெயரே இந்த ஆறும்தான்.

12 ஜனவரி

ஆறும் இல்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று ஐந்துதான் காதைப் பெயர்கள், பெரும்படை அங்கே தனிக் காதையாக இல்லை என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரவு பத்து மணிக்குத் தட்டி எழுப்பாத குறையாகச் சொல்லியிருக்கிறார். சரி ஐயா. நேற்று எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஆனால் பெரும்படைக்கு என்ன படம் செதுக்குவது என்று முழித்துக்கொண்டிருந்தவனுக்கு வழி காட்டியதும் அவர்தான். நம் தகடூர் அதியமானுக்கும் கல் நட்டார்கள், அவ்வையார் அதைப் பார்த்துப் பாடியது புறநானூறு 232. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறிய கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறாள் கிழவி. அப்படியென்றால் ஐந்தாம் முத்திரை ஒரு சின்னக் கலயம், ஒரு மயிற்பீலி.

14 ஜனவரி, போகி முடிந்து

முத்திரை செதுக்கிய கதை. கடையில் மெஷின் இருக்கிறது, பத்து நிமிடத்தில் ஆறும் அடித்திருப்பேன். ஆனால் லெட்டர்பாக்ஸில் கையால் செதுக்கிய முத்திரைக்குத்தான் மதிப்பு. மெஷினில் வந்ததைப் பார்த்தால் கிராம நிர்வாக அலுவலர் வந்து போன மாதிரி இருக்கும்.

முதலில் பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டினேன். பிளேடு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, சந்தோஷப்பட்டேன். பேடில் ஒற்றி எடுத்தால் அது மையைக் குடித்துச் சொதசொதவென்று ஊறிவிட்டது. காகிதத்தில் வீரன் இல்லை, வீரனின் நிழல்கூட இல்லை. அடுத்து உருளைக்கிழங்கு. படம் அருமையாக விழுந்தது, மறுநாள் காலை வீரனுக்குத் தோல் சுருங்கிவிட்டது. கடைசியில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் பெரிய வெள்ளை அழிப்பான்தான் கைகொடுத்தது.

எழுத்து திருப்பித்தான் செதுக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவனே கோட்டை விட்டேன். மெல்லிய தாளில் பென்சிலால் ‘நடுதல்’ என்று எழுதி, அழிப்பான்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தானாகவே திரும்பி இறங்கிவிடும். நான் புத்திசாலித்தனமாகத் தாளிலேயே திருப்பி எழுதிவிட்டேன். இரண்டு முறை திரும்பினால் நேர் ஆகிவிடுமே! ஒரு மணி நேரம் செதுக்கிக் குத்திப் பார்த்தால் ‘ல்’ முதலில் நிற்கிறது. அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். “மாமா, கண்ணாடியில காட்டினா சரியா இருக்கும்” என்றாள்.

ஆறாவது முத்திரை அவள் தேர்வு: நாய். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல், ஏழாம் நூற்றாண்டு. கோவிவன் என்று நாயின் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்து எஜமானைக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். வாழ்த்துவதென்றால் நாயைத்தான் முதலில் வாழ்த்த வேண்டும் என்பது அவள் கட்சி. மறுக்க முடியவில்லை.

18 ஜனவரி

நேற்று காணும் பொங்கலன்று ஆறும் வைத்தாயிற்று. குறிப்புகள் கீழே.

காட்சி: புளியமரம் ஐந்து நிற்கும், ஒன்றில் மட்டும் பொந்து. பொந்தில் இல்லை. பொந்து பார்க்கும் திசையில் 12 தப்படி.

கால்கோள்: பாதை முதன்முதலாக ஏறத் தொடங்கும் இடத்தில் வெப்பாலை. அதன் அடியில் மூன்று கல். நடுக்கல் பொய்.

நீர்ப்படை: ஓடையைத் தாண்டாதே. தாண்டினால் திரும்பி வா. குளித்த எருமை மாதிரி ஒரு பாறை படுத்திருக்கும், அதன் வயிற்றடியில்.

நடுதல்: ஒற்றைக் கல்தூணிடம் போ. உச்சி வெயிலில் அதன் நிழல் சாயும் பக்கம் 20 தப்படி. இரட்டைப் பாறை இடுக்கில் கையை விடாதே, குச்சியை விடு.

பெரும்படை, வாழ்த்து இரண்டுக்கும் குறிப்பு நாலாவது டப்பாவுக்குள். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் நிஜமான வேடியப்பன் கல் ஒன்று இருக்கிறது. அதன் அருகில் எதுவும் வைக்கவில்லை. மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டிருக்கும் கல், விளையாட்டுக்கு இல்லை.

21 ஜனவரி

முதல் டப்பா போச்சு. குரங்கு. முறுக்கு டின்னில் வைத்த புத்திசாலி நானே. வாசனை போகவில்லை போல. நோட்டு புளியமரத்துக் கிளையில் தொங்குகிறது, முதல் பக்கத்தில் பல் பதிந்திருக்கிறது. அதுவும் ஒரு முத்திரைதான் என்கிறான் அக்கா மகன்.

22 ஜனவரி

ஆறையும் ரப்பர் வளையம் வைத்துப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியாயிற்று. மூடியில் ‘இது விளையாட்டுப் பெட்டி, அபாயம் இல்லை’ என்று எழுதிக் கடைப் பெயரும் போன் நம்பரும் ஒட்டினேன். சம்படத்தைப் பாதையோரம் பார்த்தால் இந்தக் காலத்தில் யாருக்கும் வயிறு கலங்கும்.

4 பிப்ரவரி

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா போன். “என்னத்தடா வெச்ச கரட்டுல? பூசாரியக் கூப்பிட்டிருக்காங்க.” கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வேடியப்பன் கோயில் திண்ணையில் என் ‘கால்கோள்’ டப்பா. அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீர், நாலு துண்டு எலுமிச்சம்பழம். பத்து பேர் தள்ளி நிற்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை.

கண்டுபிடித்தது எங்கள் கொட்டாயில் ஆடு மேய்க்கும் ஆயா. நான் பத்து நாள் யோசித்து ஒளித்த டப்பாவை, வைத்த வாரமே அவர் பார்த்துவிட்டாராம். அந்தக் கரட்டில் எந்தக் கல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கும் என்று தெரிந்தவர். மூன்று கல் அடுக்கி வைத்தால் அவருக்குத் தெரியாதா? சும்மா விட்டிருக்கிறார். அப்புறம் இந்த வாரம் இரண்டு குட்டி செத்துப்போனதும் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே வாள் பிடித்த ஆள் பொம்மை, சிவப்பு மை, படிக்க முடியாத குறிகள் நிறைந்த நோட்டு. நானாக இருந்தாலும் செய்வினை என்றுதான் நினைத்திருப்பேன்.

மூடியில் எழுதியிருந்தேனே என்றேன். “எனக்குப் படிக்கத் தெரியுமாடா?” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டைப் பிரித்து ஒவ்வொரு முத்திரையாகக் காட்டினேன். இது தர்மபுரியிலிருந்து வந்த டீச்சருடையது, குடை. இது பக்கத்து ஊர்ப் பையன், கிரிக்கெட் மட்டை. ஆயா கேட்டார்: “இதுல காசு வருமா?” வராது ஆயா. “பரிசு?” இல்லை. “அப்ப எதுக்கு வெயில்ல ஏறுறாங்க?” சும்மாதான், இந்த முத்திரைக்காக. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “நாப்பது வயசாவுது உனக்கு.”

சமாதானமாகட்டும் என்று பேடை நீட்டி, நீங்களும் ஒரு விரல் வையுங்கள், நோட்டில் இருக்கட்டும் என்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “கைநாட்டு வெச்சுத்தான் எங்கப்பன் ரெண்டு ஏக்கர் போச்சு. நான் எதுலயும் வெக்க மாட்டேன்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். மூன்றாவது டப்பாவும் பார்த்துவிட்டாராம். “ஓடையில வெக்காத. பத்து வருசத்துக்கு ஒருக்கா அது யாருன்னு காட்டும்.” வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை. சரி ஆயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

5 பிப்ரவரி

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தப் பத்து பேரில் இரண்டு இளவட்டங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, புதையல்னு சொல்றாங்களே, எந்தக் கல்லுக்கு அடியில?” என்று கேட்டார்கள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

இந்த இழையில் நானும் நீங்களும் ‘புதையல் வேட்டை’ என்று இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் பக்கத்தில் அந்தச் சொல் விஷம். அடியில் பொன் இருக்கிறது என்று நம்பி நடுகல்லைப் பெயர்த்துப் போட்ட இடங்கள் உண்டு. பலகைக்கல் நிறுத்தி மூடிய பழங்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளைக் கடப்பாரை போட்டு நெம்பியவர்கள் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பலகைக்கல் ஒன்று உடைந்தால் திரும்ப வராது. நடுகல்லைக் கருவாக வைத்து, குறிப்பும் கொடுத்து, புதையல் என்று பெயரும் சூட்டினால் நானே கடப்பாரை எடுத்துக் கொடுத்த மாதிரி. இனிமேல் இங்கே அது ‘டப்பா தேடுதல்’. கேட்க மட்டமாக இருக்கிறது, இருக்கட்டும்.

முதல் நாள் ஓசூர்க்காரர் கேட்டாரே, மறுநாள் இருக்குமா என்று. நான் குரங்கையும் திருடனையும்தான் நினைத்தேன். கரட்டில் தினமும் நடக்கிறவர்களிடம் சொல்லாமல் ஒளித்தேன் பாருங்கள், ஓட்டை அங்கேதான். டார்ட்மூர் புத்தியை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆயாவையும், மேலே விறகு பொறுக்கப் போகும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஆறு டப்பாவையும் காட்டப் போகிறேன்.

12 பிப்ரவரி

காட்டியாயிற்று. இரண்டாவது டப்பாவை ஆயா வேறு இடத்துக்கு மாற்றினார். “அங்க எறும்புப் புத்து, இங்க வெய்.” குறிப்பை மாற்றிக்கொள்ளுங்கள்: வெப்பாலைக்கு மேலே, மாட்டின் திமில் போன்ற கல்லின் பின்புறம்.

26 மே

தர்மபுரியிலிருந்து ஒரு குடும்பம் நாலாவது டப்பாவைத் தேடிப் போய், சூரைமுள் புதரில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கடைக்கே வந்துவிட்டது. குறிப்பு தப்பு என்கிறார்கள். தப்பில்லை, ஜனவரியில் நானே தூண் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுதினேன். நிழல் வடக்கே, இரட்டைப் பாறைப் பக்கம். அவர்கள் தெற்கே போயிருக்கிறார்கள். திசை தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய?

26 மே, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் குடும்பத்திடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு 12 பாகை வடக்கே. ஏப்ரல் நாலாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் உச்சி நிழல் தெற்கேதான் விழும். ஜனவரி 17 அன்று நாலடித் தூணுக்கு நிழல் வடக்கே இரண்டரை அடி. இன்று தெற்கே ஏழெட்டு அங்குலம். அவர்கள் குறிப்பை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தக் குறிப்பு வருடம் முழுக்கச் சரியாக இருக்கும், அங்கே உச்சி நிழல் என்றைக்கும் வடக்கேதான். இங்கே வருடத்தில் எட்டு மாதம்தான் நிஜம்.

ஓடிப்போய்க் குறிப்பைத் திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்: ‘கோடையில் வருகிறவர் நிழலை நம்பாதே, அதற்கு முதுகு காட்டு.’

28 மே

உச்சி என்றால் சரியாக 12 மணியா என்று கேட்டவருக்கு: இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குக்கு வைத்தது, அரூர் அதற்கு நாலு பாகை மேற்கே. அந்தக் கணக்கில் 16 நிமிடம் தாமதம். அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஆடும். ஜனவரி நடுவில் 12:26, மே கடைசியில் 12:13. தூணடியில் நின்று கடிகாரம் பார்க்க வேண்டாம், நிழல் எப்போது மிகச் சிறியதாகிறதோ அப்போது உச்சி.

18 ஆகஸ்ட்

மூன்றாவது டப்பாவில் புதிதாக ஒன்று கிடக்கிறது: மாங்காய் வடிவ முத்திரை, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. “என் பெயர் பெங்களூரா. என்னை அடுத்த டப்பாவுக்கு எடுத்துப் போங்கள்.” வேலையைக் காட்டிவிட்டார் கிருஷ்ணகிரிக்காரர். இதுவும் பழைய வழக்கம்தான். டப்பாவுக்கு டப்பா தொற்றிக்கொண்டு பயணம் போகும் முத்திரை. நான் எடுத்துப் போகவில்லை, அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

15 அக்டோபர்

ஐந்தாவது டப்பாவின் மூடியை யாரோ சரியாகப் பூட்டவில்லை. கரையான் நோட்டைத் தின்றுவிட்டது. அட்டை மட்டும் அப்படியே நிற்கிறது, திறந்தால் உள்ளே மண் வரி வரியாக. பெரும்படையல் போட்ட டப்பாவாயிற்றே, சாப்பிட்டுவிட்டது. தரையில் வைக்காமல் கல்மேல் வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

4 டிசம்பர்

எல்லோரும் நலமா என்று கேட்டவர்களுக்கு நன்றி. வீடு இருக்கிறது. கடைக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது, ஜெராக்ஸ் மெஷினை மேசைமேல் ஏற்றியதால் தப்பியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஓய்ந்துவிட்டது என்று நினைத்தோம். ஞாயிறு இரவு விடிவதற்குள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊர் நாங்கள். ராகி விளையும் பூமி. மழை வேண்டும் வேண்டும் என்று வருடமெல்லாம் கேட்டதை ஒரே ராத்திரியில் கொடுத்தால் எங்கே வாங்கி வைப்பது?

மரவள்ளி மூழ்கிவிட்டது. அந்தக் கவலைக்கு நடுவில் டப்பாவைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. கரட்டுக்கு இன்னும் போகவில்லை.

9 டிசம்பர்

போனேன். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை, நாலு மடங்கு அகலத்துக்குச் சரளைக்கல் படுகை. எருமைப் பாறை புரண்டு கிடக்கிறது. புரளும் என்று நினைத்தே பார்த்ததில்லை, அதை நம்பித்தானே குறிப்பே எழுதினேன். நீர்ப்படை டப்பா நிஜமாகவே நீராடப் போய்விட்டது, பெங்களூராவையும் கூட்டிக்கொண்டு.

மற்ற ஐந்தும் இருக்கின்றன. ஆயா மாற்றி வைத்த இரண்டாவது டப்பாவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நான் முதலில் வைத்த இடம் அரித்துப்போய், வெப்பாலையின் வேர் வெளியே தெரிகிறது.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது ஓடையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

19 ஜனவரி 2025

கரும்பு வெட்டும் ஒருவர் நேற்றுக் கடைக்கு வந்தார். மடியிலிருந்து இரண்டு அழிப்பானை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று குடத்திலிருந்து நீர் வழியும் நடுகல், இன்னொன்று மாங்காய். கீழே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாய்ந்த கரும்புக்குள் டப்பா சிக்கியிருந்ததாம். மூடியில் ஒட்டிய கடைப் பெயரைப் படித்துத் தேடி வந்திருக்கிறார். நோட்டு? “கூழாயிடுச்சுங்க.” டப்பா? கொஞ்சம் நெளிந்தார். “நல்லா இறுக்கமா மூடுதுங்க. வெத்தலைக்கு வெச்சிருக்கேன்.”

வெத்தலைக்கே இருக்கட்டும் என்றேன். இரண்டு முத்திரையையும் என் நோட்டில் குத்திக் காட்டினேன், சிரித்துக்கொண்டே போனார். கிருஷ்ணகிரிக்காரரே, உங்கள் பெங்களூரா உயிரோடு இருக்கிறது. காம்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

26 ஜனவரி

புது நீர்ப்படையை எங்கே வைப்பது என்று இங்கே ஆளாளுக்கு யோசனை சொல்கிறீர்கள். நான் ஆயாவைக் கேட்டேன். ஓடைக்கு ஐம்பது அடி மேலே ஒரு பாறைக்குழி. மழை நீர் தேங்கி, தை மாதம் வரை ஆடு குடிக்கும். இத்தனை வருடம் ஏறி இறங்கியும் நான் பார்த்ததில்லை. குறிப்பு: ‘ஆடு தண்ணீர் குடிக்கும் இடத்தைக் கேள். கேட்காமல் கிடைக்காது.’

யாரைக் கேட்பது என்று கேட்காதீர்கள், ஆடு மேய்க்கிறவரைத்தான். இந்த டப்பாவுக்கு ஜிபிஎஸ் எண் கேட்ட சென்னைத் தம்பிக்கும் அதே பதில்.

9 பிப்ரவரி

நேற்று ஆயா கடைக்கு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு ஆதார் ஜெராக்ஸ். வேலை முடிந்தும் போகவில்லை, கண்ணாடி அலமாரியில் இருந்த முத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ஒண்ணு வெட்டிக் குடு. கைநாட்டு இல்லாம.”

என்ன படம் ஆயா? ஆடா?

“ஆடு ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. எங்க ஆட்டுக் காது.”

மந்தை கலந்துவிட்டால் பிரித்துக்கொள்ள ஆட்டுக் காதில் வெட்டுக்குறி போடுவார்கள், வீட்டுக்கு ஒரு வெட்டு. அவர்களுடையது இடது காதில், நுனியில் ஒரு பிளவு, அடியில் அரைவட்டம். அவருடைய மாமியார் காலத்துக் குறியாம். தாளில் வரைந்து காட்டினேன். பிளவு இன்னும் ஆழம் என்றார். திருப்பி வரைந்தேன். அரைவட்டம் பெரிதாகிவிட்டது என்றார். மூன்றாவது தாளில்தான் தலையாட்டினார். நான் செதுக்கி முடிக்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு மை வேண்டாம் என்றார். வயலட் பேட் ஒன்று கொடுத்தனுப்பினேன்.

இன்று காலை கரட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு நோட்டிலும் காது. நாலாவதில் தலைகீழாக, ஐந்தாவதில் இரண்டு தடவை.